செங்கற்பட்டுக்கு ஒரு டிக்கெட்

பட்டணத்தில் இருப்பவர்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு வியாதி வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆரம்பித்து, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தானாகவே தணிந்து விடும். "எங்கேயாவது போய் வர வேண்டும்" என்பது அதன் பெயர். கார் வைத்திருப்பவர் இந்த வியாதிக்கு ஒரு விடுதியின் பெயரைச் சொல்கிறார். கார் இல்லாதவர், "இந்த ஊரில் போவதற்கு என்ன சார் இருக்கிறது?" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்து விடுகிறார்.

யோசனை கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன். செங்கற்பட்டு வரை மின்சார ரயிலில் போங்கள். அங்கிருந்து பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்தில் இறங்குங்கள். மலை ஏறிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மாமல்லபுரத்துக் கடலுக்குப் போங்கள். பொழுது சாய்ந்ததும் அதே வழியில் திரும்பி வாருங்கள். இதைக் கேட்டவர்களின் முகத்தில் ஓர் அனுதாபம் படரும். "செங்கற்பட்டா! அது ஜங்ஷன் அல்லவா?" என்பார்கள். ஜங்ஷன் என்றால் வண்டி மாறலாம், காப்பி குடிக்கலாம், ஆனால் மனிதன் இறங்கிப் பார்க்கக் கூடாது என்று ஏதோ சாஸ்திரம் இருப்பது போல!

இந்த அனுதாபத்தோடுதான் எனக்குச் சண்டை.

இடம் தேர்ந்தெடுக்கும் கலை இன்று எப்படி ஆகிவிட்டது என்று பாருங்கள். நீச்சல் குளம் உண்டா, காலைச் சிற்றுண்டி வாடகையில் சேர்த்தியா, எத்தனை சதவிகிதம் தள்ளுபடி, அறையின் ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா, இவைதாம் கேள்விகள். கடலுக்குப் பத்தடி தூரத்தில் நீச்சல் குளம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அங்கே எப்படிப் போய்ச் சேருவது என்ற கேள்வியும் இல்லை. கார் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, சுங்கச் சாவடியில் பணத்தைக் கட்டினால் போயிற்று. இந்த மூன்றும் இல்லாதவன் ஓய்வுக்கு உரியவனே அல்ல என்று நாம் முடிவு கட்டி எத்தனையோ நாளாகிறது.

ஜப்பானியர் அப்படி முடிவு கட்டவில்லை. டோக்கியோ நகரத்துக் குமாஸ்தாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை வியாதி உண்டு. குளிர்காலமானால் அவனுக்குப் பனிச் சறுக்கு வேண்டும். எந்த மலைக்குப் போவது என்று அவனும் ஜாபிதா போட்டுப் பார்க்கிறான். அந்த ஜாபிதாவில் காலா யுசாவா என்று ஓர் ஊர் உண்டு. 1990 டிசம்பரில் அங்கே ஒரு ரயில் நிலையம் திறந்தார்கள். அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணிக்குள் அங்கே இறங்கலாம். நிலையத்துக் கட்டடத்திலேயே சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு வாங்கிக் கொண்டு, அங்கிருந்தே கம்பியில் தொங்கும் பெட்டியில் மலைக்கு ஏறிப் போய் விடலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பி, மறுநாள் காலை ஆபீசுக்கும் போய் விடலாம். காரைப் பற்றிய பேச்சே இல்லை.

அதே யுசாவாவை வைத்துத்தான் கவபாத்தா என்ற நாவலாசிரியர் பனிப் பிரதேசத்தைப் பற்றிய தமது புகழ் பெற்ற நாவலை எழுதினார். பிற்பாடு 1968-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த நாவல் ஒரு ரயில் பிரயாணத்தோடுதான் தொடங்குகிறது. மலையைக் குடைந்து அந்த ரயில் போவதற்கு வழி செய்த ஷிமிஸு சுரங்கப்பாதை திறந்த ஆண்டு 1931.

1931 என்ற ஆண்டு நமக்கும் வேண்டியதுதான். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே ஆண்டில் ஆளுக்கொரு நல்ல காரியம் செய்தார்கள். அவர்கள் அந்தத் தண்டவாளத்தின் வழியே மலைக்குப் போனார்கள். நாம் ஆபீசுக்குப் போய்க் கொண்டிருக்கிறோம்.

மின்சார வண்டி பிற்பாடு செங்கற்பட்டு வரை நீண்டது. கடற்கரை நிலையத்திலிருந்து அறுபது கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பில் இருபது ரூபாய்க்குள் அடங்கும் பிரயாணம். 2025 ஏப்ரலில் குளிரூட்டிய வண்டியும் வந்து விட்டது. அதில் முழுத் தூரத்துக்கும் நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். நான் சொல்வது ஜன்னல் திறந்திருக்கும் பழைய வண்டியை. தாம்பரம் தாண்டி, வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் எல்லாம் கடந்து, பரனூரையும் விட்ட பிறகு, வண்டி கொளவாய் ஏரியின் ஓரமாக ஓடும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் காயாத ஏரி அது. சுற்றிலும் சிறு குன்றுகள். காலை ஏழு மணிக்கு அந்தத் தண்ணீரின் மேல் வெளிச்சம் விழுவதைப் பார்க்கிறவர்கள் யார்? எதிர்ப் பக்கம் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களும் தூங்கிக் கொண்டிருப்பார்கள். இந்த ஏரியில் ஊர்ச் சாக்கடை கலக்கவிட்ட கதையும் உண்டு. பார்க்க ஆள் இல்லாத அழகுக்கு அதுதானே நடக்கும்?

ஏரிக்கரையில் ஒரு கோட்டை. விஜயநகர அரசர் காலத்தது. ஏரியும் சேறும் காவல் இருந்ததால் பலமான கோட்டை என்று பெயர். 1752-ல் கிளைவ் அதைப் பிடித்தான். பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் அதன் நடுவே தண்டவாளம் போட்டார்கள். ஆகவே, செங்கற்பட்டில் இறங்கக் கூடாது என்கிறவர்கள் தினந்தோறும் ஒரு கோட்டைக்குள் புகுந்து புறப்படுகிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

"சரி, கடல் எங்கே?" என்று கேட்பீர்கள். முப்பது கிலோமீட்டர் கிழக்கே. அந்த முப்பது கிலோமீட்டருக்காகத்தான் நான் இந்த வழியைச் சொல்கிறேன். ஊரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வல்லம் என்ற சிற்றூர். அங்கே குன்றைக் குடைந்து ஒரு கோயில். மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்ற சிற்றரசன் செய்வித்தது. இரண்டு தூண், ஒரு சிறு கருவறை, இரண்டு வாயிற்காவலர். கை பழகாத சிற்பி பயத்தோடு உளி பிடித்தது போல் இருக்கும். அப்புறம் திருக்கழுக்குன்றம். ஐநூறு படிக்கு மேல் ஏற வேண்டும். மலையில் வேதகிரீசுவரரைத் தவிர ஒருகல் மண்டபமும் உண்டு. அது மாமல்லன் காலத்துக் குடைவரை என்று கருதுகிறார்கள். உளி இங்கே தைரியம் பெற்றுவிட்டது. இவை இரண்டையும் பார்த்துவிட்டு மாமல்லபுரம் போய், பாறையில் கங்கை இறங்கி வருகிறதே, அந்தச் சிற்பத்தின் முன் நில்லுங்கள். அங்கிருந்து கடற்கரைக் கோயிலுக்குப் போங்கள். அது கல்லைக் குடைந்ததல்ல, கல்லை அடுக்கிக் கட்டியது. ராஜசிம்மன் காலத்து வேலை. நூறு ஆண்டில் ஒரு கலை நடை பழகி, ஓடி, நடனமாடியதை ஒரே பகலில் பார்த்து விடலாம். கடற்கரைச் சாலையில் காரில் வருகிறவனுக்கு நடனம் மட்டும்தான் கிடைக்கிறது. அதையும் அவன் முதுகைக் காட்டிக் கொண்டு படம் பிடிக்கிறான்.

இது நான் கண்டுபிடித்த வழியும் அல்ல. நல்ல சாலை வருவதற்கு முன்னால் மாமல்லபுரம் போவதற்குப் பக்கிங்காம் கால்வாயில் படகு ஏற வேண்டும். இல்லையானால் செங்கற்பட்டு வரை ரயிலில் வந்து வண்டி பிடிக்க வேண்டும். நம் பாட்டனார்கள் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, உச்சி வேளையில் சோறு உண்ண வரும் இரண்டு கழுகுகளைத் தரிசித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். கழுகுகள் இப்போது வருவதில்லை. 1990-களின் கடைசியோடு நின்று போயிற்று.

கழுகுகள் நின்றது போலவே நம்மவர்களும் நின்று போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனங்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்குத்தான் 'ஞாயிற்றுக்கிழமை அட்டவணை' என்று சொல்லி மின்சார வண்டிகளைக் குறைக்கிறார்கள். ஆபீசுக்குப் போவதற்குத்தான் ரயில், ஆனந்தமாக இருப்பதற்கு அல்ல என்பது இதன் பொருள். செங்கற்பட்டில் இறங்கினால் பஸ் நிலையம் கிட்டத்தில்தான். ஆனால் ரயில் வரும் நேரத்துக்கும் பஸ் புறப்படும் நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மாமல்லபுரத்தில் சூரியன் சாய்வதைப் பார்த்து ரசிக்கலாம் என்று உட்கார்ந்தால், ரசனையில் பாதி கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையிலேயே போய் விடுகிறது. கைக்குழந்தையோடும் வயதான தாயாரோடும் இப்படி அலைய முடியாது என்று ஒரு குடும்பஸ்தர் சொன்னால், அவரோடு நான் வாதாட மாட்டேன்.

இதற்கு அதிகாரிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் புதிய ரயில் பாதை வரப்போகிறது." பதினைந்து ஆண்டுக்கு மேலாக அது காகிதத்தில் ஓடிக் கொண்டிருக்கிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவரை, இருக்கிற தண்டவாளத்தின் முனையில் ஒரு பஸ்ஸை நிறுத்தி வைக்க என்ன தடை? ஒவ்வொரு ரயிலையும் எதிர்பார்த்து நிற்கும் பஸ்; இரவு கடைசி ரயிலைப் பிடிக்கும்படி திரும்பி வரும் பஸ்; ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, சில வாரங்களுக்குள் ஊர் முழுவதும் பளபளப்பாகி விட்டது. மனம் இருந்தபோது மார்க்கம் இருந்ததை நாடே பார்த்தது. அதில் நூற்றில் ஒரு பங்கு மனம் போதும்.

மாறாக, கடலுக்குப் போகிற வழியை அடைப்பதில்தான் சுறுசுறுப்பைக் காண்கிறேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் விடுதி மதில்களும் பங்களா மதில்களும் எத்தனை! அவற்றில் ஒன்று, பெயர் எதற்கு, அதன் ஓரமாக மணல் பாதை ஒன்று கடலுக்குப் போகிறது. மீன்பிடிக்கிறவர்கள் காலம் காலமாக நடந்த பாதை. அதில் நான் நாலு அடி வைத்ததும் காவலாளி எழுந்து வந்தான். கெட்டவன் அல்ல, சம்பளத்துக்கு நிற்கிறவன். "சாருக்கு ரூம் நம்பர் என்ன?" என்று மரியாதையாகவே கேட்டான். வங்காள விரிகுடாவுக்குப் போக ரூம் நம்பர்! கடற்கரையைக் காப்பதற்காக 1991-லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. அவை அந்த மதிலுக்கு வெளியே எங்கேயோ நின்று கொண்டிருக்கின்றன போலும். அவற்றிடமும் ரூம் நம்பர் கேட்டிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாதம் இருக்கிறது. மெல்லிய குரலில், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக் கொண்டு சொல்கிற வாதம். "ரயிலும் பஸ்ஸும் சுலபமாகிவிட்டால் கண்டவர்களும் வந்து இடத்தைக் கெடுத்து விடுவார்கள், சார். கல்லில் பேர் எழுதுவார்கள்."

கல்லில் பெயர் எழுதியது யார் என்று தெரிய வேண்டுமானால் திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்துக்குப் போக வேண்டும். தூண்களிலும் சுவரிலும் பதினேழாம் நூற்றாண்டிலேயே பெயர் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இருபது ரூபாய் டிக்கெட்டில் வந்தவர்கள் அல்ல. பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து உல்லாசப் பயணம் வந்த டச்சுக் கம்பெனித் துரைமார்கள், தேதியும் போட்டிருக்கிறார்கள். கண்டவர்கள் எப்படி நடந்து கொள்வார்கள் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சாட்சி உண்டு. வேடந்தாங்கலில் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, கிராமத்து ஜனங்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று எழுதி வாங்கிக் கொண்டார்கள். அது 1798. பயிருக்கு அந்த நீர் உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவை விருந்தாளி என்பதும் தெரிந்திருந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை அந்தப் பறவைகள் இன்றைக்கும் வருகின்றன. அதற்கும் ரயிலில் போகலாம். செங்கற்பட்டைத் தாண்டிப் படாளத்தில் இறங்க வேண்டும். அங்கேயும் நிலையத்து வாசலில் பஸ் காத்திருக்காது.