15 கிலோவுக்குள் ஒரு கடல்

முதல் தடவை புனேவிலிருந்து ஹேவ்லாக் (2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப்) கிளம்பினப்ப, ஏர்போர்ட் கவுண்ட்டரில் என் பெட்டி 21 கிலோ காட்டியது. அனுமதி 15. மிச்சத்துக்கு அவங்க கேட்ட காசைக் கொடுத்துட்டு, வாழ்க்கையில் இனி எடையைக் குறைப்பதுன்னு சபதம் எடுத்தேன்.

அங்கேதான் தப்பு பண்ணேன். அடுத்த தடவை பி.சி.டி., துடுப்பு, ரெகுலேட்டர் எல்லாம் பெருமையா உள்ளே போச்சு. ஆசையா வாங்கினதாச்சே! வெளியே விழுந்தது என்ன தெரியுமா? டைவ் கம்ப்யூட்டர், விசில், அந்த ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் (எஸ்.எம்.பி.). "வழிகாட்டிகிட்ட இருக்குமே" என்று ஒரு சமாதானம். மூணும் சேர்ந்து ஒரு கிலோ கூட வராது.

மூணாம் நாள் நீரோட்டம் இழுத்து, நானும் என் ஜோடியும் குழுவிலிருந்து பிரிஞ்சுட்டோம். விதிப்படி கொஞ்ச நேரம் தேடிட்டு மேலே வந்தா, படகு ஒரு புள்ளி. அலைக்கு நடுவுல கறுப்பு உடை போட்ட ரெண்டு தலை யார் கண்ணுக்குத் தெரியும்? கையை ஆட்டி, கத்தி, தொண்டை போனதுதான் மிச்சம். இருபது நிமிஷம் கழிச்சு படகு வந்தது. அந்த இருபது நிமிஷமும் நான் நினைச்சது பரண்ல கிடக்கிற மிதவையைத்தான்.

அதனால இப்ப என் கட்சி இது: கனமானதெல்லாம் வாடகைக்கு, சின்னதெல்லாம் சொந்தம். ஜாக்கெட் மாதிரி பி.சி.டி. மூணரை கிலோவுக்கு மேல. துடுப்பும் பூட்டியும் ரெண்டு ரெண்டரை. சிலிண்டரும் ஈயக்கட்டியும் எப்படியும் அவங்கதான் தரப் போறாங்க. 28 டிகிரி தண்ணிக்கு அவங்களோட 3 மி.மீ. உடை போதும். ரெகுலேட்டர் பத்திச் சண்டைக்கு வருவீங்க, தெரியும். வருஷத்துக்கு ஆறு டைவ் அடிச்சுட்டு சர்வீஸே பண்ணாம வெச்சிருக்கிற சொந்த ரெகுலேட்டரை நான் நம்ப மாட்டேன். வாய்க்கவ்வி மட்டும் சொந்தமா ஒண்ணு, ரெண்டு ஜிப் டை. ஐம்பது கிராம். வாடகை செட்டை வாங்கினதும் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு இழுங்க. முள் ஆடினா வால்வு முழுசாத் திறக்கலைன்னு அர்த்தம்.

பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் (என் கண் மைனஸ் நாலரை) கைப்பையில்தான். அது தொலைஞ்சா மீனும் பாறையும் எனக்கு ஒண்ணுதான். டார்ச்சோட உபரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போகணும். பெட்டியில் போட்டா எடுக்கச் சொல்லுவாங்க.

கம்ப்யூட்டர் ஏன் சொந்தமா வேணும்னா, வழிகாட்டி கையில் இருக்கிறது அவர் ஆழம், அவர் கணக்கு. நீங்க அவருக்கு நாலு மீட்டர் கீழே இருந்தா உங்க நைட்ரஜன் வேற. தினமும் ரெண்டு மூணு டைவ் அடிச்சா விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்கணும், அந்தக் கடிகாரமும் அதிலேயே ஓடுது.

போன தடவை டைவ் சாமான் மொத்தமே மூணு கிலோ. மிச்ச இடத்தில் தங்கமணி முறுக்கு டப்பாவே வெச்சுட்டாங்க. துடுப்பு ஜோடி பரண்ல தூங்குது, 9-ஆம் நம்பர் கால்காரங்க யாராவது வேணும்னா சொல்லுங்க :-)