எழுதி வாங்கினால் அறிவு தங்கிவிடுமா?

ஓய்வு பெறும் ஊழியருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டால் நிறுவனத்தின் அறிவு பத்திரமாகிவிடும் என்கிறார் அறிவு மேலாண்மை பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். துணைக்குத் தத்துவவாதி மைக்கேல் போலான்யியையும் மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நொனாகாவையும் அழைக்கிறார். இருவருமே அவருக்கு எதிரான சாட்சிகள்.

உள்ளுறை அறிவு என்றால் இன்னும் எழுதப்படாத அறிவு என்று அவர் எடுத்துக்கொள்கிறார். போலான்யி சொன்னது அதுவல்ல. எழுதிய விதியைப் புரிந்துகொள்வதற்கும் இடமறிந்து பயன்படுத்துவதற்குமே எழுத்தில் அடங்காத அறிவு வேண்டும் என்றார் அவர். அதையும் விதியாக்கினால், அந்த விதியைப் பயன்படுத்த இன்னோர் அறிவு வேண்டும். இதற்கு முடிவே இல்லை.

நொனாகாவின் ரொட்டி இயந்திர உதாரணத்தைப் பாதியில் வெட்டியிருப்பது இன்னும் மோசம். ரொட்டி இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்த மட்சுஷிடா நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநர் இகுகோ தனாகா, ஒசாகாவின் ஹோட்டல் ஒன்றில் தலைமை பேக்கரிடம் சேர்ந்து, தன் கையால் மாவைப் பிசைந்து தொழில் கற்றார். மாவை முறுக்கி இழுக்கும் விதம் அப்படித்தான் பிடிபட்டது. பேக்கரிடம் ஒரு படிவத்தை நீட்டி நிரப்பச் சொல்லி வந்த அறிவல்ல அது. அறிவு உருவாவதை விளக்க நொனாகா சொன்ன சுழற்சிக்கு நான்கு கட்டங்கள். முதலாவது கூடிப் பழகிக் கற்பது, கடைசி செய்து செய்து தனதாக்கிக்கொள்வது. இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, நடுவிலுள்ள எழுத்து வேலையை மட்டும் கோட்பாடு என்று விற்கிறார் கட்டுரையாளர்.

ஆய்வுகளும் அவர் பக்கம் இல்லை. ஒரு வகை வாயு லேசர் ஆய்வகங்களுக்கிடையே பரவிய விதத்தை ஆராய்ந்து 1974இல் எழுதினார் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ். அச்சான கட்டுரைகளை மட்டும் வைத்து அதை இயக்கிக்காட்டிய ஆய்வகம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஜெராக்ஸ் நிறுவன டெக்னீஷியன்களைப் பற்றி 1996இல் நூல் எழுதிய ஜூலியன் ஆர், கையேடு கைவிட்ட இடங்களில் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளே கைகொடுத்ததைக் காட்டினார்.

ஆவணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் கையில் அது பயன்படும்; வேலை தெரிந்தவருக்கு மாற்றாகாது. அதை மாற்றாக்கும் கோட்பாடு யாருக்கு வசதி? அனுபவசாலிகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பி, புதியவர்களின் பயிற்சிக் காலத்தைச் சுருக்க விரும்பும் நிர்வாகத்துக்குத்தான். மூத்தவரும் இளையவரும் ஒரே வேலையில் சேர்ந்து நிற்கும் மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாத நிறுவனம், அறிவு மேலாண்மை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.