காலைத் தேய்க்கிறது பகிடி இல்லை

ஸ்கூட்டியில் வரும் பெண்கள் சந்தியில் இரண்டு காலையும் ரோட்டில் தேய்ச்சு நிற்பதை வீடியோ எடுத்துப் பகிடி பண்ணுகிற அண்ணாமாரிடம் ஒரு கேள்வி: அந்த ஸ்கூட்டியின் பின் பிரேக்கைக் கடைசியாகப் பார்த்தது யார்?

பிரேக் சூ தேயத் தேய இடக்கைப் பிடி இளகிக்கொண்டே போகும். 1, 2 சென்ரிமீற்றர் இளக்கம் இருக்கலாம். ஹாண்டிலில் முட்டுகிற அளவுக்கு வந்தால், பின் சில்லடியில் இருக்கிற நட்டை இறுக்கவேணும். அதிலும் சரிவராவிட்டால் சூ மாத்தவேணும். இவ்வளவுதான் விசயம். ஆனால் வீட்டில் சாவியைத் தருகிறார்கள், நட்டைக் காட்டுவதில்லை. "அது தம்பி பார்ப்பான்." தம்பி பார்ப்பது பெற்றோல் இருக்கோ என்று மட்டும். கராஜுக்குத் தனியப் போனால், "அப்பா வரேல்லையோ?"

"முன் பிரேக்கைத் தொடாத, கவிண்டிடும்" என்று பழக்கினதும் இவர்கள்தான். மணலிலும் வளைவிலும் சடாரென்று பிடித்தால் கவிழும், உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத்தான் வருகிறது. கூடுதலாக நிறுத்துவதும் முன் சில்லுத்தான். நேர் ரோட்டில் இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல இறுக்கவேணும். கியர் மாற்றி வேகம் குறைக்கிற வசதியும் ஸ்கூட்டியில் இல்லை. அப்ப பாதிப் பிரேக்கோடு ஓடுகிறவள் காலை ஊன்றாமல் என்ன செய்வாள்?

நாங்களும் சுத்தமில்லை. பொலிஸ் நிற்கிற சந்தி வரைக்கும் ஹெல்மெட் வாரைப் பூட்டாத ஆக்கள்தான்.

சனிக்கிழமை பின்னேரம் ஹொஸ்டல் வாசலில் ஸ்பானரோடு இருப்போம். வீடியோ எடுக்கிற அண்ணாமாரும் வரலாம். உங்கட பிரேக்கையும் பார்ப்பம்.