ஒரே துவாய், நாலு பேர்

இங்கே லண்டனில் போன மாதம் எங்கள் சின்னவனுக்கு வயிற்றோட்டம். நாலு நாள் கழித்து மூத்தவளுக்கு. "கடைச் சாப்பாடுதான், நான் அப்பவே சொன்னனான்" என்றார் அம்மா. ஆனால் மூத்தவள் அந்தச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

இந்த நாட்கணக்கைக் கவனியுங்கோ. ஒரே சாப்பாட்டால் வந்தது என்றால் பெரும்பாலும் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் படுப்பார்கள். இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் படுத்தால், கிருமி வீட்டுக்குள்ளேயே ஆள் மாறுகிறது என்று சந்தேகப்படலாம். முதல் ஆளுக்குத்தான் அது சாப்பாட்டால் வருகிறது. அடுத்த ஆளுக்குக் கையால்.

சல்மொனெல்லா ஒருவரை வீழ்த்தப் பொதுவாக ஆயிரக்கணக்கான கிருமிகள் வேண்டும். ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலை ஓ157க்கும் 100க்கும் குறைவே போதும். பாம்பர்ஸ் மாற்றின கை, அந்தக் கை திறந்த தண்ணீர்க் குழாய், பாத்ரூமில் எல்லாருக்கும் தொங்கும் ஒரே துவாய், அவ்வளவுதான் பாதை. சுகமில்லாதவருக்குத் தனித் துவாய் கொடுத்து, அதை 60 பாகையில் தோயுங்கோ. ஜெல்லை நம்பி இருக்க வேண்டாம், அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடுற தண்ணியும்தான்.

சோறு குழைத்துத் தீத்துவதை விடச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வருத்தம் நிற்கிற இடத்தில் பாம்பர்ஸ் மாற்றுவது ஒருவர், தீத்துவது மற்றவர் என்று பிரித்துக்கொண்டோம். வயிற்றோட்டம் வந்தவர், அது நின்று 48 மணி நேரம் போகும்வரை குசினிப் பக்கம் வரக்கூடாது. பிள்ளைகளுக்கு நேர்சரியும் அப்படியே. அம்மம்மாக்களுக்கு இதைச் சொல்வதுதான் பெரும்பாடு! "எனக்கு இப்ப ஒண்டும் இல்லை" என்று அகப்பையைப் பிடித்துவிடுவார்கள். வயிறு சரியானாலும் கிருமி மலத்தில் இன்னும் சில நாள், சிலருக்கு வாரக்கணக்கில், போய்க்கொண்டிருக்கும்.

ஓ157 விஷயத்தில் மட்டும் பொறுத்துப் பார்க்காதீங்கோ. 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் அது சிலருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும். மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே 111க்கு எடுங்கோ. வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசை எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பிள்ளை வெளிறி, மூத்திரம் போவது குறைந்தால், வயிற்றோட்டம் நின்ற பிறகென்றாலும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.