மந்தை மடியும் முன்னே

பஞ்சம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது விலா எலும்பு துருத்திய ஒரு குழந்தையின் படம். அதைக் கண்டவுடன் நம் கை தானாகவே சட்டைப் பையை நோக்கிச் செல்கிறது. இரக்கமுள்ள நெஞ்சின் அடையாளம் அது, ஐயமில்லை. ஆயினும், அன்பிற்குரிய வாசகர்களே, மேய்ச்சல் நிலத்து மக்களைப் பொறுத்தவரை அந்தப் படம் துயரத்தின் கடைசிப் பக்கமேயன்றி முதற்பக்கம் அன்று. அக்குழந்தை மெலிவதற்குப் பல திங்கள் முன்பே அதன் வீட்டு வெள்ளாடு மெலிந்துவிட்டது. அந்த ஆட்டை எவரும் படம் பிடிக்கவில்லை.

சோமாலியாவையும், அதனை ஒட்டிய எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதியையும், கென்யாவின் வடக்குப் பகுதியையும் கருத்திற் கொண்டே இதனை எழுதுகிறேன். அங்கு வாழும் சோமாலியர் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நம்மில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியோர் கருந்தலையும் வெள்ளுடலும் கொண்ட செம்மறியாடுகளை ஆங்கே கண்டிருக்கலாம். பெர்பெரா துறைமுகத்தில் கப்பலேறிச் செங்கடல் கடந்து வருபவை அவை. 2014 ஆம் ஆண்டில் மட்டும் சோமாலியாவிலிருந்து 50 இலட்சம் கால்நடைகள் ஏற்றுமதியாயின. நோயச்சம் காரணமாகச் சவூதி அரசு 2000 ஆம் ஆண்டில் விதித்த தடை 2009 வரை நீடித்தபோது, அந்நாட்டு இடையர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. நம் ஹாஜிகளின் குர்பானியும் அந்த இடையனின் அடுப்பும் இவ்வாறு ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன.

அந்நிலத்தில் ஆண்டுக்கு இருமுறை மழை உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்வது 'கூ'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது நமக்கு வடகிழக்குப் பருவமழை பொழியும் அதே காலத்தில், பெய்வது 'தைர்'. இடையே தை, மாசி, பங்குனியில் வருவது 'ஜிலால்' என்னும் கொடிய வறட்காலம். ஒரு மழை பொய்த்தால் இடையன் தாங்குவான். இரண்டு பொய்த்தால் தள்ளாடுவான். 2020 இன் இறுதியில் தொடங்கி 2022 இன் இறுதி வரை அடுத்தடுத்து ஐந்து மழைகள் பொய்த்தன. மூன்று நாடுகளிலும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன.

இனி, பசி எவ்வாறு வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் நினைப்பதுபோல் கடைத்தெருவில் தானியமே இல்லாமற் போவதால் மட்டும் அது வருவதில்லை. புல் கருகியதும் முதலில் பால் வற்றுகிறது. பால்தான் அங்கே குழந்தையின் உணவு. மிஞ்சும் பாலை விற்றுத்தான் தாய் சோளமும் மாவும் வாங்குகிறாள். பால் நின்றதும் தகப்பன் ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறான். அவனைப்போல் ஆயிரம் பேர் அதே நாளில் அங்கே வந்து நிற்கிறார்கள். எலும்பும் தோலுமான ஆட்டுக்கு விலை வீழ்கிறது. தானியத்தின் விலையோ ஏறுகிறது. நேற்று ஓர் ஆடு ஒரு மூட்டை தந்தது. இன்று அரை மூட்டை. நாளை வாங்குவாரே இல்லை. அத்துடன் தண்ணீரும் லாரியில் வந்து விலைக்கு விற்கப்படுகிறது. 2022 இல் இன்னொரு சுமையும் சேர்ந்தது. சோமாலியா இறக்குமதி செய்துவந்த கோதுமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தது. அவ்விரு நாடுகளும் போரில் இறங்கின; எங்கோ வெடித்த குண்டு பைதோவாவின் ரொட்டி விலையை உயர்த்தியது.

மந்தை செத்தபின் இடையனுக்கு மேய்ச்சல் நிலத்தில் வேலை இல்லை. மனைவி மக்களுடன் நடந்தே நகரத்து ஓரத்து முகாமுக்கு வந்து சேருகிறான். பிறகு மழை பெய்தாலும் அவன் திரும்புவதற்கு வழி இல்லை. ஒட்டகம் சினைப்பட்டுக் கன்று ஈனப் பதின்மூன்று திங்கள் ஆகும். அழிந்த மந்தை மீள எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

2011 ஜூலை 20 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றம் தென் சோமாலியாவில் பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தது. மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கை முந்தைய ஆண்டே வந்துவிட்டது. உதவிப் பணம் பெருமளவில் திரண்டதோ அறிவிப்புக்குப் பின்னர்தான்! அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 2,60,000 பேர். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட பிஞ்சுகள். 2022 இல் பஞ்சம் என்ற சொல் அறிவிக்கப்படவே இல்லை. எனினும் அவ்வாண்டில் மட்டும் வறட்சியால் மிகுதியாக 43,000 பேர் மாண்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். பொது மேய்ச்சல் நிலத்திற்குத் தாம் நியமித்த ஹுனை என்பவருக்கு அன்னார் இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவனை உள்ளே விடுமாறு பணித்தார்கள். செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்குமாறும் பணித்தார்கள். காரணத்தையும் விளக்கினார்கள். செல்வரின் மந்தை அழிந்தால் அவருக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிரும் உண்டு. எளியவனின் மந்தை அழிந்தாலோ அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தம் வாசலில் வந்து நிற்பான். அவனைக் கைவிட இயலாது. அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்பதே அன்னாரின் கருத்து. ஹிஜ்ரி 18 இல் வந்த கடும் வறட்சியின்போது கால்நடை ஸகாத் வசூலையே அன்னார் ஒத்திவைத்ததாகவும் வரலாறு கூறுகிறது. எலும்பான ஆட்டில் பங்கு கேட்பது முறையன்று என்பது அந்த மாமேதைக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2006 இல் எத்தியோப்பியாவின் மொயாலே பகுதியில் வறட்சி மூண்டபோது, ஒரு தொண்டு நிறுவனம் கால்நடை வணிகர் இருவருக்குச் சிறு கடன் கொடுத்து, உயிருள்ளபோதே மாடுகளை வாங்கச் செய்தது. ஏறத்தாழ 20,000 மாடுகள் விலை போயின. 5,400 குடும்பங்கள் அளவில் பயனடைந்தன. கைக்கு வந்த பணத்தில் அவர்கள் உணவும் வாங்கினார்கள், எஞ்சிய மாடுகளுக்குத் தீவனமும் வாங்கினார்கள். கென்யாவின் வஜீரில் செயற்கைக்கோள் மூலம் புல்லின் பசுமையை அளந்து, அது குறித்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு வழங்கும் தகாஃபுல் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, 2014 மார்ச்சில் முதன்முறையாக நூறு இடையர் அளவில் தொகை பெற்றனர். வட்டியின்றி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏற்பாடு இது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் சந்தாப் பணம் கட்ட வழியற்றவனுக்கு இது எட்டாக்கனி.

இங்கே ஒரு மஸ்அலா எழும். ஐம்பது ஆடுகள் உடையவன் ஸகாத் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆயிற்றே, அவனுக்கு எப்படி ஸகாத் கொடுப்பது என்று பலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. ஷாஃபிஈ மத்ஹபில் ஏழ்மையை அளக்கும் கோல் நிஸாப் அன்று. தன் தேவைக்குப் போதுமானது இருக்கிறதா என்பதே. மந்தை இருந்தும் வாழ்க்கைக்குப் போதாதவன் மிஸ்கீன் ஆவான், ஸகாத் பெறலாம். ஹனஃபி மத்ஹபில் நிஸாப் உடையவன் ஸகாத் பெற இயலாது. அம்மத்ஹபைச் சார்ந்த சகோதரர்கள் ஸதகாவாகக் கொடுக்கலாமே! ஸகாத்தை ஊர்விட்டு ஊர் அனுப்புவதில் ஷாஃபிஈ நூல்களில் கட்டுப்பாடு உண்டு. தேவை மிக்க இடத்திற்கு அனுப்பலாம் என்ற அறிஞர்களும் உளர். உள்ளூர் ஏழையின் பங்கைப் பறித்து அனுப்பும்படி நான் சொல்லவில்லை. ஸதகாவுக்கு அந்த எல்லையே கிடையாது.

மற்றொன்று. ஆப்பிரிக்காவில் கிணறு தோண்டிப் பெயர்ப்பலகை வைப்பதில் நம்மவருக்கு ஆர்வம் மிகுதி. தகாத இடத்தில் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறு சுற்று வட்டாரத்து மந்தைகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, அங்குள்ள புல்லை வேரோடு அழித்துவிடும். பழுதடைந்து கிடக்கும் கிணற்றைச் செப்பனிடுவதும், இறைப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கித் தருவதும், தீவனமும் கால்நடை மருந்தும் அனுப்புவதும் மேலானவை. வைக்கோற் கட்டில் பெயர்ப்பலகை மாட்ட முடியாதென்பது மெய்தான்.

நாம் ஸகாத்தை ரமளானுக்கென ஒதுக்கி வைக்கும் பழக்கமுடையோர். வறட்சியோ ரமளானுக்குக் காத்திருப்பதில்லை. 2025 இலும் 'தைர்' மழை மிகவும் குன்றி, நவம்பரில் சோமாலிய அரசு வறட்சி அவசரநிலையை அறிவித்தது. பன்னாட்டு உதவிகளும் அதே ஆண்டில் வெகுவாகக் குறைக்கப்பட்டன. 'தைர்' பொய்த்ததா இல்லையா என்பது டிசம்பர் முடிவதற்குள் தெரிந்துவிடும். மந்தைக்கு உயிர் ஊசலாடுவது ஏப்ரல் வரை. உதவி சென்றடைய வேண்டியது இந்த மூன்று, நான்கு திங்களுக்குள்தான். வளைகுடாவிலும் மலேசியாவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் நிதி திரட்டுவோரிடம், இப்பணம் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டே கொடுக்கட்டும்.

ஸகாத்தை ஆண்டு நிறைவுக்கு முன்பே கொடுக்க மார்க்கத்தில் இடமுண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு இதற்கு இசைவு அளித்துள்ளார்கள். நிஸாப் கைவசம் இருந்தால் ஓராண்டு ஸகாத்தை முற்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ சட்டம். ஆண்டு நிறையும்போது கொடுத்தவர் ஸகாத்துக்குக் கடமைப்பட்டவராகவும், பெற்றவர் அதற்குத் தகுதியுடையவராகவும் இருந்தால் கடமை நிறைவேறிவிடும். மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை.