நூறு வாட்டை யார் கேட்டார்கள்?

உயர்விலை கிட்டார் ஆம்ப்களை வரிசைகட்டி நிறுத்தி மதிப்பெண் போடும் கட்டுரைகளில் இன்னொன்று இந்த வாரம் கண்ணில் பட்டு எரிச்சலைக் கிளப்பியது. சோல்டானோ எஸ்.எல்.ஓ-100, ஃப்ரீட்மேன் பி.ஈ-100, மீசா பூகி மார்க் செவன். எல்லாம் வால்வு வைத்தவை. நம் பணத்தில் எதுவும் இரண்டு லட்சத்துக்குக் கீழே இல்லை. கட்டுரை முழுக்க டோன், டோன், டோன். எதன் மிட்ஸ் அடர்த்தி, எதன் ட்ரெபிள் காதைக் குத்தாது, எது விரலின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்கிறது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவர் அதை எந்தச் சத்தத்தில் வாசிக்கப் போகிறார் என்ற கேள்வி ஓர் இடத்தில்கூட எழவில்லை. கூம்பு ஒலிபெருக்கிகளைப் பற்றி இங்கே எழுதியபோது நான் போட்ட வாட் கணக்கு பலருக்குச் சலிப்பூட்டியது. மன்னிக்கவும், இன்றும் அதே கணக்குதான்.

கிட்டார் கேபினெட்டுகளில் பரவலாகப் பொருத்தப்படும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் கேட்கும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். வாட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் கூடுவது 10 டெசிபல். காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்குச் சத்தம். ஆக 100 வாட்டில் 120 டெசிபல், காது வலிக்கத் தொடங்கும் எல்லை. அதைப் பாதியாக்கி 50 வாட் என்றால் குறைவது வெறும் 3 டெசிபல். மார்க் செவனில் 90, 45, 25 வாட் என்று மூன்று நிலைகளுக்கு ஸ்விட்ச் இருக்கிறது என்று கட்டுரையாளர் பூரித்துப்போகிறார். 90-இலிருந்து 25-க்கு இறங்கினால் குறைவது ஐந்தரை டெசிபல். புகார் சொல்லக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் அதற்காகத் திரும்பிப் போய்விடப் போவதில்லை.

இந்த நூறு வந்த கதையைப் பார்த்தால் கோபம் இன்னும் கூடும். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோருடன் 1962-இல் தன் முதல் ஆம்பை உருவாக்கினார். அது அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றை அப்படியே ஒட்டியது; நூறு வாட்டில் பாதியைக்கூடத் தொடாதது. 1965 வாக்கில் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் சத்தம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். பிறந்தது 100 வாட். டவுன்ஷெண்ட் அதோடு விடவில்லை. எட்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றார். தூக்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மார்ஷல் எச்சரித்தார், அப்படியே நடந்தது. பிறகு பெட்டியை இரண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார்கள். ராக் மேடையின் அடையாளமாகிப்போன அந்த அடுக்கு, சுமை தூக்கியவர்களின் முதுகுவலிக்குச் செய்த சமாதானம். அவர்கள் அவ்வளவு சத்தம் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அன்றைய அரங்குகளின் ஒலியமைப்பு பாடகரின் குரலுக்கே போதாது. கிட்டாருக்கு மைக் வைப்பது வழக்கமில்லை. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்கென்றே 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தது. கூட்டத்தின் கூச்சலில் அதுவும் அமுங்கிப்போனது. அடுத்த பத்தாண்டுக்குள் அரங்க ஒலியமைப்பு வளர்ந்து, ஸ்பீக்கர் முன் வைத்த ஒரு மைக்கே கடைசி வரிசை வரை கிட்டாரைக் கொண்டுசேர்த்தது. நூறு வாட்டின் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் விலைப்பட்டியலில் இன்றும் அதுதான் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

சத்தம்தானே அந்த ஒலியே என்பார்கள். இதில் பாதி உண்மை. பவர் வால்வுகள் திணறும்போது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நிறையும்போது, ஸ்பீக்கர் கூம்பு அதிரும்போது பிறக்கும் ஓர் இனிமை உண்டு. சத்தம் குறைந்தால் காதுக்கு அடித்தொனிகள் மங்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வாதம் பழைய பிளெக்ஸி மார்ஷலுக்குப் பொருந்தும் அளவுக்கு 1987-இல் வந்த எஸ்.எல்.ஓ-100-க்குப் பொருந்தாது. அதன் கரகரப்பில் பெரும்பங்கு அடுத்தடுத்த ப்ரீஆம்ப் வால்வுகளிலேயே உருவாகிறது. அதற்குப் பின்னால் நிற்கும் 100 வாட் பெரும்பாலும் காவல்காரன்தான். சின்ன ஆம்ப் வாங்கிக்கொள்ளலாமே என்றால், மார்ஷலின் 20 வாட் ஸ்டுடியோ வரிசைகூட நூறைவிட 7 டெசிபல்தான் குறைவு. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பெட்டி ஒன்றை மாட்டலாம். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் பவர் சோக்கை விற்ற காலத்திலிருந்தே அது உண்டு. மூன்று லட்சம் கொடுத்தவரிடம், இதை வீட்டில் வாசிக்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் செலவாகும் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. வால்வுகளுக்குப் போகும் மின்னழுத்தத்தையே குறைத்துச் சத்தத்தை இறக்கும் முறையை கனடாவின் கெவின் ஓ'கானர் பவர் ஸ்கேலிங் என்ற பெயரில் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். 2010-ஐ ஒட்டி கிட்டார் கலைஞர்கள் ஸ்லாஷ், இங்வே மால்ம்ஸ்டீன் இருவரின் பெயரில் மார்ஷல் வெளியிட்ட 100 வாட் ஆம்ப்களில், ஒரு குமிழைத் திருகினால் ஒரு வாட்டுக்கும் கீழே இறங்கலாம். வால்வுகளில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸும் தானாகவே சரியாகும். அந்த வசதிகள் ஏன் அந்த நிறுவனத்தின் எல்லா உயர்விலை ஆம்ப்களிலும் வழக்கமாகவில்லை? ஃபெண்டரோ 2019-இல் வால்வே இல்லாத டிஜிட்டல் ஆம்பான டோன் மாஸ்டர் ட்வின் ரிவெர்பில், பின்பக்கம் சத்தத்தைப் படிப்படியாக இறக்கும் ஸ்விட்சை வைத்து ஆயிரம் டாலரை ஒட்டிய விலையில் விற்றது. எடையும் வால்வு ட்வினில் ஏறக்குறைய பாதி. டிஜிட்டல் ஆம்ப் சொல்லாமல் தரும் வசதியை, அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை வாங்கும் வால்வு ஆம்பிடம் கேட்டால் மட்டும் ரசனை இல்லாதவன் என்கிறார்கள்.

பயாஸ் விஷயம் இதைவிட எளிது. பவர் வால்வு மாற்றும்போது அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்து சரிசெய்ய, பின்பலகையில் மீட்டர் முனை செருகும் துளைகளும் ஒரு திருகும் போதும். சில நிறுவனங்கள் வைக்கின்றன, பல வைப்பதில்லை. மீசாவோ நெடுங்காலமாகப் பயாஸைத் திருகவே இடம் கொடுக்காமல், தானே தரம்பிரித்து வண்ணக்குறி இட்ட வால்வுகளை வாங்கச் சொல்கிறது. பயனரைப் பாதுகாக்கத்தான் என்பது அவர்கள் வாதம். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அடி ஒளிந்திருக்கும் சேசிஸைப் பயனர் திறக்கக் கூடாது என்பது சரிதான். துளை வெளியே இருக்க வேண்டும் என்பதற்கும் அதுவேதான் காரணம். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்ததும் சரடோவ் ஆலையின் வால்வு வரத்து குலைந்து விலை ஏறியது நினைவிருக்கும். கிட்டார் ஆம்ப் வால்வுகளைப் பெருமளவில் தயாரிப்பது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். கையில் கிடைத்த ஜோடியைப் போட்டுச் சரிசெய்துகொள்ளும் வழி இனிமேல் தேவைப்படும். அடுத்து ஒப்பீடு எழுதுகிறவர் மிட்ஸைப் பற்றி ஒரு பத்தியைக் குறைத்துக்கொண்டு, இந்தத் துளை எந்த ஆம்பில் இருக்கிறது, 70 டெசிபலில் எது எப்படிக் கேட்கிறது என்று மட்டும் எழுதட்டும்.