நட்சத்திரம் எல்லோருக்கும், துடைப்பம் யாருக்கு?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் விட்டால், வேலூர், ஆம்பூர் பக்கத்துக் குடும்பங்கள் பல ஒரு நாளாவது அமிர்திக்குப் போகும். ஜவ்வாது மலை அடிவாரம், காடு, மான் பார்க்கச் சின்னதாக ஓர் உயிரியல் பூங்கா. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனால் பெரிய செலவில்லை. கடந்த டிசம்பரில் ஆம்பூர் பக்கத்து உறவினர்களோடு நானும் போயிருந்தேன். மர நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இரண்டாம் வகுப்பு படிக்கும் பாப்பா தன் பைக்குள்ளிருந்து ஒரு காகித நட்சத்திரத்தை எடுத்து நீட்டினாள். மஞ்சள் சார்ட், ஓரத்தில் ஜிகினா.

"சூப்பரா கீதும்மா. நீயே செஞ்சியா?"

"ஆமா மாமா. கிளாஸ்ல எல்லாரும் செஞ்சோம். அப்பறம் குப்பைய நாங்க மூணு பேரும் பெருக்கனோம்."

எந்த மூன்று பேர் என்று கேட்டேன். பெயர்களைச் சொன்னாள். மூன்றும் எங்கள் காலனிப் பிள்ளைகள். "மிஸ்ஸு எப்பவும் எங்களத்தான் கூப்புடுவாங்க" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா, சோறு பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

தோழர்களே, பெருக்குவது இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது பிள்ளைகள் வெட்டிப் போட்ட காகிதத்தை முப்பது பிள்ளைகளும் சேர்ந்து அள்ளினால் அது நல்ல பாடம். முப்பது பேர் வெட்டியதை மூன்று பேர் மட்டும் அள்ளினால் அதுவும் பாடம்தான். எந்தக் கை எதற்குப் பிறந்தது என்ற பாடம். அதை அந்த மூன்று பேர் மட்டும் கற்பதில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் இருபத்தேழு பேரும் கற்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரி மாதங்கள் நம் தொடக்கப் பள்ளிகளில் கைவேலைக் காலம். கிறிஸ்துமஸ் நட்சத்திரம், தாத்தா தொப்பி, புத்தாண்டு வாழ்த்து அட்டை, சார்ட்டில் பொங்கல் பானை, கரும்பு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பாடத்தையே செயல்பாடாக மாற்றியது. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது. இவற்றை நான் வரவேற்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகூட கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் முகம் மலர்கிறது. ஆனால் கைவேலை நேரத்தில் சாதி வகுப்புக்கு வெளியே காத்திருப்பதில்லை.

கையையும் பிறப்பையும் முடிச்சுப் போட்ட வரலாறு நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி ஆட்சி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார், திராவிட இயக்கம் தெருவுக்கு வந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, முதல்வரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதே ஆண்டு அவர் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி நம் குடியாத்தம். அந்தத் திட்டம் நீடித்திருந்தால், இந்தத் தோல் மண்ணில் எங்கள் தாத்தாக்களின் பிற்பகல் வகுப்பு எங்கே நடந்திருக்கும்? தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில்தான்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், அபாயகரமானதல்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. விடுமுறை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் ஷூ மேல்பாகத்தை வீட்டுக்கு வாங்கிவந்து, ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கையால் தைக்கிறார்கள். அந்தத் திண்ணையில் பிள்ளையும் உட்கார்ந்தால் அம்மாவுக்கு உதவுகிறது என்போம். ஒரு பிள்ளைக்கு விடுமுறையில் ஓவிய வகுப்பு, இன்னொரு பிள்ளைக்கு ஊசி நூல். இரண்டுமே கைவேலைதான், ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் கிடைக்கிறது.

2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார் எழுந்து, தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். செய்தி வந்ததும் எல்லோரும் கொதித்தோம். ஆனால் ஒரு பள்ளியில் பிளீச்சிங் பவுடர் கையில் ஏறுவதற்கு முன்னால், யாரைக் கூப்பிட்டால் எதிர்ப்பு வராது என்பது அந்தப் பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது சார்ட் துண்டுகளைப் பெருக்கச் சொல்லும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. 2023இல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதி காட்டும் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் மேல்வகுப்பில் கையில் ஏறும் அந்தக் கயிற்றை, இரண்டாம் வகுப்புத் துடைப்பம் திரிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆசிரியர்களில் பெரும்பாலோர் திட்டமிட்டு இதைச் செய்வதில்லை. கூப்பிட்டால் ஓடிவரும் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளை ஏன் ஓடிவருகிறது என்று யோசிப்பதில்லை. மிஸ் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே நேரம் அதுதான் என்பதால் ஓடிவருகிறது. கல்வி உரிமைச் சட்டம், நலிந்த பிரிவுப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டப்படாமல் பார்த்துக்கொள்வதை அரசின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 'தெரியாமல் நடந்தது' என்ற பதில் அந்தக் கடமையைத் தள்ளுபடி செய்யாது.

எனவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. பெருக்கும் முறையை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஆணும் பெண்ணும் ஊரும் காலனியும் அதே வரிசையில் வரட்டும். சார்ட், ஜிகினா, தெர்மாகோல் வாங்கிவரச் சொல்லாதீர்கள். தினக்கூலி வீட்டில் முப்பது ரூபாய் ஒரு வேளைக் காய்கறி. பழைய நாளிதழும் புங்க இலையும் களிமண்ணும் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைக்கும். பொங்கலுக்கு 'எங்கள் ஊர்' மாதிரி செய்தால், கோயிலும் ஏரியும் வயலும் வைத்த அட்டையில் காலனியையும் வையுங்கள். ஓரத்தில் தள்ளாமல், அங்கே வசிக்கும் பிள்ளையின் கையாலேயே, அது விரும்பும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாட்களில் ஜனவரி 3 வருகிறது. பள்ளிக்குப் போகும் வழியில் தன்மேல் சாணி எறிந்தவர்களைக் கடந்து போய்ப் பாடம் நடத்திய சாவித்திரிபாய் புலே 1831இல் பிறந்த நாள். பிள்ளைகள் அவருக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்யட்டும். வெட்டிய காகிதத்தை மிஸ் முதலில் குனிந்து எடுக்கட்டும். மற்றவர்கள் தானாக எடுப்பார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நட்சத்திரத்தைக் காட்டினால், நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, குப்பையை யார் பெருக்கினார்கள் என்றும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பாப்பாவின் அம்மா கேட்கப் போகிறார். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டார்.

ஜெய்பீம்!